பால்மரத் தடத்தில்

புக்கிட் கியாராவில் வெயில் ஏறத் தொடங்கியதும் மர உச்சியிலிருந்து டப், டப் என்று சத்தம் வரும். யாரோ கல்லெறிகிறார்கள் என்று தலையைத் தாழ்த்தினேன். முன்னால் போய்க்கொண்டிருந்த கிள்ளான் நண்பர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ரப்பர் காய்ண்ணே. வெடிக்குது." மூன்று விதைகள் அடங்கிய அந்தக் காய், காய்ந்து முற்றியதும் தானாகவே வெடித்து விதைகளைத் தூரத் தெறிக்கவிடும். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பழுப்பில் கறுப்புத் தெளித்த வழவழப்பான விதை. ஆமணக்கின் பெரியப்பா மாதிரி இருந்தது. உண்மையிலேயே அதே குடும்பம்தான். கையில் வைத்துப் பார்க்க அழகு. வளைவில் பத்துப் பதினைந்து சிதறிக் கிடந்து அதன் மேல் முன்சக்கரம் ஏறினால் அழகை ரசிக்க அவகாசம் இருக்காது.

இதை உள்நாட்டுக் காடு என்று நினைத்துவிட வேண்டாம். கோலாலம்பூரின் மேற்கு விளிம்பு இது. மர இடுக்கில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலின் அடுக்குமாடிகள் தெரிகின்றன. நெடுஞ்சாலை இரைச்சல் ஓய்வதே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் நான் தங்கியிருந்த விடுதியிலிருந்து, விடிகாலையில் கிளம்பினால், காரில் சிறிது நேரப் பயணம். விடிகாலை என்பதையும் அந்த ஊர்க் கணக்கில்தான் சொல்ல வேண்டும். ஏழு மணிக்கு மேல்தான் பொழுது புலர்கிறது. 1982 புத்தாண்டில், சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். சூரியன் பழைய நேரத்துக்கே வந்துகொண்டிருக்கிறது.

கோவையிலிருந்து அட்டைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்த வண்டி புத்தம் புதியது. முழு சஸ்பென்ஷன்; முன்னாலும் 120 மில்லிமீட்டர் அமுங்கும், பின்னாலும் 120. இருபத்தொன்பது அங்குலச் சக்கரம். இதுவரை நான் ஓட்டியதெல்லாம் பின்பக்கம் விறைப்பாக இருக்கும் ஹார்ட்டெயில் வண்டிதான். அதற்கு நம் ஊர்க் கரட்டுப் பாறையில் ஒரு மரியாதை உண்டு. ஆனால் மலேசியக் காட்டில் தொந்தரவு கொடுப்பது பாறையில்லை, வேர். மணிக்கட்டுத் தடிமனிலிருந்து தொடைத் தடிமன் வரை, குறுக்கும் நெடுக்குமாக, எப்போதும் ஈரமாக. ஹார்ட்டெயிலில் ஒவ்வொரு வேருக்கும் பின்சக்கரம் ஒருமுறை துள்ளும். துள்ளிய நேரத்தில் மிதித்த மிதி வீண். ஏற்றத்தில் நாலு வேர் அடுத்தடுத்து வந்தால் வண்டி நின்றுவிடும், இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இந்த வண்டியில் உட்கார்ந்தபடியே மிதிக்க முடிந்தது. பின்சக்கரம் வேரின் மேல் ஏறி, இறங்கி, மண்ணை விடாமல் தொட்டுக்கொண்டே வந்தது. இருக்கைக்குக் கீழே ஷாக் மூச்சு விடுகிற மெல்லிய சத்தம். 'ட்வின் பீக்ஸ்' என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் தடத்தில் ஏறி முடித்தபோது எனக்குத் தோன்றியது: நான் பலசாலியாகிவிடவில்லை, தரை என்னை எதிர்ப்பதைக் குறைத்துக்கொண்டது, அவ்வளவுதான். சும்மா கிடைக்கிற சுகமும் இல்லை இது. உடல் எடைக்குத் தக்கபடி ஷாக்கில் காற்றழுத்தம் பார்க்க வேண்டும். ஏறி உட்கார்ந்ததும், அது மொத்தம் அமுங்கக்கூடிய தூரத்தில் நான்கில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. அதிகம் அமுங்கினால் பெடல் வேரில் இடிக்கும். குறைவாக அமுங்கினால் ஹார்ட்டெயிலே ஓட்டியிருக்கலாம்.

கிராஸ் கன்ட்ரி பந்தயக்காரர்கள் இந்த வசதியை நீண்ட காலம் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். 1996 அட்லாண்டாவில் மலை சைக்கிள் ஒலிம்பிக்குக்குள் நுழைந்த பிறகும் அப்படித்தான். பின்பக்கம் ஆடினால் கால் பலமெல்லாம் ஷாக்குக்கே போய்விடும், எடையும் கூடும் என்பது அவர்கள் வாதம். எல்லாம் நியாயமான கவலைகள். 2012 லண்டனில் கடைசி மீட்டர்கள் வரை இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ஸ்விட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் ஹார்ட்டெயிலில், செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவி முழு சஸ்பென்ஷனில். ஒரு விநாடி வித்தியாசத்தில் தங்கம் குல்ஹாவிக்கு. நான்கு வருடம் கழித்து ரியோவுக்கு ஷூர்ட்டர் வந்தது முழு சஸ்பென்ஷன் வண்டியோடு. தங்கம் அவருக்கு, வெள்ளி குல்ஹாவிக்கு. இன்று ஷாக்கைப் பூட்டவும் திறக்கவும் கைப்பிடியிலேயே ஒரு விசை இருக்கிறது. சமதரையில் பூட்டி, வேரில் திறந்துவிடலாம். பழைய வாதம் பாதிக்கு மேல் தீர்ந்துபோனது அந்தச் சின்ன விசையால்தான் என்பது என் எண்ணம்.

கியாராவின் தடங்களை அரசாங்கம் போட்டுத் தரவில்லை. கோலாலம்பூர், சிலாங்கூர் தடங்களுக்காக ஏற்பட்ட 'டிராக்ஸ்' என்ற சங்கத்தின் தொண்டர்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக வெட்டிப் பராமரிப்பவை. அடிக்கடி இடியோடு மழை கொட்டும் ஊரில் மண் தடம் நிலைக்க வேண்டுமென்றால் தண்ணீரைத் தடத்தில் ஓடவிடக் கூடாது, குறுக்கே வழித்து வெளியே தள்ள வேண்டும். ஒவ்வொரு வளைவும் அந்தக் கணக்கில்தான் சாய்ந்திருக்கிறது. ஓட்டும்போது உடம்புக்குத் தெரிகிற அந்தச் சாய்வு, நின்று பார்த்தால்தான் யாரோ முட்டிபோட்டுச் செதுக்கியது என்று கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் அவர்களுக்கு முன்பே இந்தக் குன்றில் ஆள்கள் நடந்திருக்கிறார்கள். இது ரப்பர் தோட்டம். தடத்தோரம் நிற்கும் முதிய மரங்களின் பட்டையில், இடுப்பு உயரத்தில், சரிவாகச் சீவிய தழும்பு இன்னும் இருக்கிறது. மரம் அதைச் சுற்றிப் புடைத்து வளர்ந்து, மேடும் பள்ளமுமாக ஆறிப்போயிருக்கிறது. விரல் வைத்துப் பார்த்தேன். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, சாய்வு மாறாமல் ஒரு கோடு. ஒருவர் ஒரு நாளில் சீவியது இல்லை அது. ஆண்டுக்கணக்கில் மயிரிழை மயிரிழையாகச் சீவி இறக்கியது.

தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்டபோது, அங்கே வேலை செய்த தமிழ்க் குடும்பங்களை 1980களின் தொடக்கத்தில் குன்றின் அடிவாரத்தில் நீள வீடுகள் கட்டிக் குடிவைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். ஏறத்தாழ நூறு குடும்பங்கள். பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டார்கள். பக்கத்தில் தாமான் ரிம்பா கியாரா என்ற பசுமைப் பூங்கா. அதில் வானளாவிய அடுக்ககங்கள் எழுப்ப ஒரு திட்டம் வந்தது. அதே திட்டத்துக்குள் நீள வீட்டுக்காரர்களுக்கும் குடியிருப்பு உண்டு என்று சேர்த்திருந்தார்கள். சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த மேம்பாட்டு அனுமதி செல்லாது என்று முடித்துவைத்தது. பூங்கா பிழைத்தது. மலை சைக்கிள்காரர்களுக்கும் அது நல்ல செய்திதான், எனக்கும்தான். ஆனால் நீள வீட்டுக்காரர்களின் நாற்பதாண்டு வீட்டுக் கேள்வி தீர்ப்போடு தீர்ந்துவிடவில்லை. தடத்தின் வாயிலில் வண்டியைக் கழுவும்போது இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அன்று பசியாற பிரிக்பீல்ட்ஸுக்கே திரும்பினோம். காலை உணவை அங்கே பசியாறுவது என்றுதான் சொல்கிறார்கள், "பசியாறிட்டீங்களா?" என்பது வணக்கத்துக்குச் சமம். ரொட்டி சானாய், தே தாரிக். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் ஓலைக் குடிசைகளை அழித்த பிறகு, செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று ஆணை வந்து, அந்தச் செங்கல்லைச் சுட்ட இடம் பிரிக்பீல்ட்ஸ். பிறகு ரயில்வே வந்தது, யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தாக்களும் நிலைய அதிகாரிகளும் வந்தார்கள். 2010இல் மன்மோகன் சிங் வந்து 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்த வளைவுகளும் வண்ணமும் எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டன. மல்லிகைக் கடையும் சாம்பிராணிப் புகையும் வளைவு இல்லாமலே போதும்.

நான் ஓட்டவிருந்த மலை சைக்கிள் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை பிற்பகல் கிள்ளானில் நண்பர் வீட்டு முன்வாசலில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி டயருக்கு சீலன்ட் ஊற்றினோம். டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் வெள்ளைத் திரவம் அது. முள் குத்தினால் காற்றோடு வெளியே வந்து, ஓட்டையிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். வால்வின் உள் ஊசியைக் கழற்றி, சின்னப் பாட்டிலின் மூக்கை நுழைத்து அழுத்தும்போது நண்பரின் அம்மா உள்ளிருந்து வந்தார். வாசற்படியில் நின்று மூக்கைச் சுளித்தார்.

"என்னடா அமோனியா வாடை? பாலா இது?"

"சீலன்ட்மா. டயருக்கு."

குனிந்து, தரையில் சிந்திய சொட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுத்து உருட்டினார். அது இழுபட்டு, நூலாகி, சிறு உருண்டையானது. "ரப்பர் பாலுதான்" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் சொன்னது சரி. நாங்கள் ஊற்றிய சீலன்ட்டின் அடிப்படை இயற்கை லேடெக்ஸ். மரத்திலிருந்து இறங்கிய பால் சில மணி நேரத்தில் தானாகவே உறைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அமோனியா. தோட்டத்திலும் அதே வழக்கம்தான். உறைய வேண்டிய நேரத்தில், ஆலையில், ஃபார்மிக் அமிலம் ஊற்றித் தகடாக்குவார்கள். இருட்டோடு பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்தது, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போனது, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டாக் கம்பில் தூக்கி வந்தது, ஒட்டுப்பாலைத் தனியாகப் பிய்த்துச் சேர்த்தது என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனார். "வெயில் வந்துட்டா பால் இறங்காது தம்பி. மழ பேஞ்சா மரம் வெட்ட முடியாது. வேல இல்லேன்னா சம்பளமும் இல்ல." விடிவதற்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், அப்போது சீவினால்தான் பால் தாராளமாக ஓடும் என்பது அறிவியல். அவருக்கு அது உடம்பில் இருந்தது.

எனக்கு வியப்பு வேறு ஒரு பக்கத்திலிருந்து வந்தது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு இருபத்திரண்டு நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அப்போது அதை வைத்து என்ன செய்வது என்று தோட்ட முதலாளிகளுக்குத் தெளிவில்லை. சிலாங்கூரில் காப்பிதான் நட்டுக்கொண்டிருந்தார்கள். 1880களின் இறுதியில் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் பித்துப் பிடித்து அலைந்தன. மோட்டார் கார் அதற்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. டயருக்கு ரப்பர் வேண்டும், ரப்பருக்கு மரம், மரத்துக்கு ஆள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்களின் கதைக்கு ஒரு முனையில் பெல்பாஸ்ட் சிறுவனின் சைக்கிள் நிற்கிறது.

ஆனால் அந்த ஆள்களே சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை கேட்க வேண்டியிருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதற்குத் தலைமை தாங்கினார். கோரிக்கைகள் எவையென்று பார்த்தால், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் வம்பு செய்வதை நிறுத்துவது. இவற்றுக்கு நடுவே ஒன்று: துரைமாரும் தோட்ட எழுத்தர்களான கிராணிமாரும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை. மே மாதம் நாதனைக் கைதுசெய்தார்கள், கலவரம் மூண்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் இறந்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

அம்மாவிடம் இதைக் கேட்டேன். "எங்கப்பா சைக்கிள் வச்சிருந்தாரு. தொர கார் தூரத்துல வந்தாலே எறங்கி ஓரமா நின்னுருவாராம். டயர் பஞ்சர்னு நடிக்கிறதும் உண்டாம், எறங்குன மாதிரி இருக்கக் கூடாதுன்னு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அந்தக் கலவரம் நடந்து எட்டு மாதத்தில் சரித்திரம் செய்த கேலி ஒன்று உண்டு. 1942 ஜனவரி 11 அன்று ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் நுழைந்தார்கள். வடக்கேயிருந்து காட்டு வழியிலும் தோட்டச் சாலையிலும் அவர்களது காலாட்படையில் பெரும்பகுதி வந்தது சைக்கிளில். வெயிலில் டயர் வெடித்தால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே உருட்டி வந்தார்கள். தார்ச் சாலையில் அந்த இரும்புச் சத்தத்தை டாங்கி என்று நினைத்து எதிரிகள் மிரண்டதாக அவர்களே எழுதிவைத்தார்கள். துரைமார் அதற்குள் தெற்கே போய்விட்டிருந்தார்கள். தோட்டத் தமிழர்களுக்கு விடிவு வந்ததா என்றால், ஆயிரக்கணக்கானோரைச் சயாம் ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள்.

இனிப் பந்தயத்துக்கு வருகிறேன். மலேசியாவில் இதை ஜம்போரி என்பார்கள். ஒலிம்பிக் பாணி கிராஸ் கன்ட்ரியில் ஐந்தாறு கிலோமீட்டர் வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள். ஜம்போரி அப்படியில்லை. தோட்டத்துக்குள் ஒரே பெரிய சுற்று. முன்னணியில் சிலர் உயிரைக் கொடுத்து ஓட்டுவார்கள், பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் திருவிழாவுக்கு வந்தது போல வருவார்கள். திடலில் துஆ ஓதினார்கள். சட்டமன்ற உறுப்பினர் கொடியசைத்தார். மலாய்க்காரர்கள்தான் அதிகம், சீனர்களும் நம்மவர்களும் கலந்து நின்றார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் வண்டி நான் பள்ளிக்கூடத்தில் பார்த்த காலத்தது. ஷாக் என்ற பேச்சே இல்லை.

இப்போது தோட்டம் என்றால் செம்பனை. 1917இல் கோல சிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் வணிக அளவில் முதன்முதலாக நட்டது, ரப்பர் விலை விழ விழ மேலேறி, கடைசியில் ரப்பரையே விரட்டிவிட்டது. ரப்பர் காட்டில் வெளிச்சம் சல்லடையாக விழும். செம்பனைக்குள் பச்சை இருட்டு. வெட்டிய மட்டைகளை நிரைக்கு நடுவே குவித்திருப்பார்கள். மட்டையின் அடியில் வரிசையாக முள், ஆணி நீளத்துக்கு. தடத்தில் ஒரு துண்டு கிடந்தால் போதும்.

முதல் பத்துக் கிலோமீட்டர் செம்மண் சாலை. ஷாக்கைப் பூட்டிவிட்டு மிதித்தேன். உண்மையைச் சொன்னால் இங்கே அந்தப் பெரியவரின் வண்டிக்கும் என்னுடையதற்கும் வித்தியாசமே இல்லை, அவர் என்னை முந்தியும் போனார். பிறகு படிக்கட்டு வெட்டிய சரிவு வந்தது. முந்தின இரவு மழை, வழுக்கும் களிமண், ஓடையோரம் வேர்கள். விசையைத் திறந்தேன். இறக்கத்தில் பின்பக்கம் தரையோடு ஒட்டிக்கொண்டே வந்தது. பிரேக்கைத் தொடாமல் மூன்று பேரைக் கடந்தேன். ஓடையைத் தாண்டியதும் முன் டயரில் புஸ்ஸென்று சத்தம். வெள்ளைப் பால் வட்டமாகத் தெறித்து முழங்காலெல்லாம் பட்டது. சக்கரம் சுழலச் சுழல அந்தச் சத்தம் மெலிந்து, நின்றுபோனது. செம்பனை முள்ளின் ஓட்டையை ரப்பர் பால் அடைத்துவிட்டது. அமோனியா வாடை மட்டும் மூக்கில் ஏறியது.

தோட்டத்தின் உயரமான மேட்டில் பழைய துரை பங்களா. அகலமான வராந்தா, முன்னால் புல்வெளி, கீழே தோட்டம் முழுவதும் தெரிகிற பார்வை. அதன் வாசலில் நீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். மேலே ஏறி வந்த அத்தனை பேரும் அங்கே சைக்கிளை விட்டு இறங்கினோம், தர்பூசணிக்காக. நண்பர் மட்டும் ஒரு காலைக் கூட ஊன்றாமல், வண்டி மேல் உட்கார்ந்தபடியே வேலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு துண்டு வாங்கித் தின்றார். "எங்க தாத்தா கணக்குல ரெண்டு" என்று சொல்லி மிதித்துவிட்டார். அவரைத் துரத்திப் பிடிக்க எனக்குக் கடைசி இறக்கம் வரை ஆனது.

முதல் வந்தவர்களுக்குக் கோப்பை கொடுத்தது கால் மணி நேரத்தில் முடிந்தது. கூட்டம் கலையாமல் காத்திருந்தது அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு. மின்விசிறி, ஹெல்மெட், அரிசி மூட்டை, கடைசியில் ஒரு மலை சைக்கிள். நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையை எல்லோரும் கையில் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்பருக்கு ரைஸ் குக்கர் விழுந்தது. அதைப் பெட்டியோடு முதுகுப் பைக்கு மேலே பழைய டியூப்பால் இறுக்கிக் கட்டினார். கிள்ளான் பக்கம்தானே, காரில் ஏற்றலாமே என்றேன். "வேணாம்ணே, அம்மாவுக்கு சைக்கிள்லயே கொண்டுபோய்க் குடுக்குறேன்" என்று திடலைத் தாண்டி ரோட்டில் ஏறிவிட்டார். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது குக்கருக்குள் மூடி கடகடவென்று ஆடியது.